அடுப்பு வேண்டாத பை

அருப்புக்கோட்டை
8.7.2024

ஜோஸ்வா,

ஏழாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு, நாற்பத்தொரு வயதில், பதினைந்து கிலோமீட்டர் தூரத்திலிருந்து தபாலில் எழுத வேண்டியிருக்கிறது. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய். ராஜபாண்டியின் போனிலிருந்து கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். போன ஞாயிறு மல்லாங்கிணற்றுக்கு நேரிலேயே வந்தேன். ஷீலா வாசலை மறித்து நின்றுகொண்டு, "அவுக தூங்குறாகண்ணே" என்றாள். உள்ளே நீ இருமியது தெருவரைக்கும் கேட்டது.

எனக்கு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இமாச்சல மலையில் நான்கு பேராக ஏறினோம். நீ ஏன் யாரிடமும் சொல்லாமல் தனியாக இறங்கிப் போனாய்? நாங்கள் மூன்று பேரும் ஓடையில் தண்ணீர் பிடித்து வருவதற்குள் உன்னையும் காணோம், உன் பையையும் காணோம். வெள்ளத்துரை பாறை பாறையாக ஏறி நின்று உன் பெயரைக் கூவித் தொண்டை கட்டிப்போனான். வெறும் வயிற்றோடு ஒரு பகல் முழுக்கத் தேடினோம். நீ செத்துவிட்டாய் என்றே ராஜபாண்டி அழ ஆரம்பித்துவிட்டான். அதற்கு யார் பதில் சொல்வது?

சாப்பாட்டுப் பொறுப்பை நீங்கள் எல்லாரும் சேர்ந்துதான் என்னிடம் கொடுத்தீர்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுநூறு கிராம் என்று நிறுத்து, நாள்வாரியாகக் கட்டி, எது யார் முதுகில் என்று தாளில் எழுதிக் கொடுத்தேன். அடுப்பு வேண்டாத பை உன் பெயருக்கு நேரே இருந்தது. அது எங்கே போயிற்று என்ற பேச்சை இப்போது எடுக்க விரும்பவில்லை. பசியில், கோபத்தில், இரண்டு வார்த்தை வந்திருக்கலாம். அதற்காக மலையில் ஒருவன் அப்படிப் போவானா?

கால் எப்படி இருக்கிறது என்றாவது எழுது.

மருதுபாண்டி


மல்லாங்கிணறு
12.7.2024

மருதுபாண்டிக்கு,

இரண்டு வார்த்தை என்கிறாய். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. மறந்திருந்தால் எழுதியே தந்துவிடுகிறேன்.

மே மாதம் உன் வீட்டுக் கூடத்தில் சாமான்களைப் பரப்பி வைத்திருந்தாய். நான்கு கிலோ அரிசி, ஒரு கிலோ துவரம்பருப்பு. அன்றைக்கே சொன்னேன்: "மருது, அம்புட்டு உசரத்துல அரிசி வேகாதுலே. தண்ணி கொதிக்கும், ஆனா சூடு ஏறாது. பட்டாளத்துல இருந்த எங்க சின்ன மாமா சொல்லிருக்காரு. அவலு, ரவை, வறுத்த மாவுன்னு கொண்டு போவோம். அரிசிதான் வேணும்னா சின்ன குக்கர் ஒண்ணு எடுத்துக்க." நீ தராசிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாய்: "குக்கர் ரெண்டு கிலோ. உங்க மாமாவா தூக்கிட்டு வருவாரு? சோறு இல்லாம நம்ம பயலுக ஒரு நாள் தாங்க மாட்டாங்ஙெ." மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் கூடாரத்துக்கு வெளியே ஒன்றரை மணி நேரம் அந்தச் சோற்றை எரித்தாய். மேலே குழைந்தது, நடுவில் அரிசியாகவே கிடந்தது. பருப்பு கல்லாகவே இருந்தது. அதோடு கேஸும் முடிந்தது. மறுநாள் ஆலங்கட்டி மழை, நகர முடியவில்லை. அடுப்பு வேண்டாத பையைத் தேடினாய். கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், பொரிகடலை, அவல், காரச்சேவு என்று அவசரத்துக்காக நீயே கட்டிய பை. யார் பையிலும் இல்லை. "தாள்ல ஜோஸ்வா பேரு இருக்கு" என்றாய். "கிளம்புற அன்னைக்குக் காலையிலயே நீதானலே எடை கூடுதுன்னு எங்கிட்ட இருந்து எடுத்த" என்றேன். நீ கேட்கவில்லை.

என் பையைத் தூக்கி ஈரத்தில் கவிழ்த்தாய். ஷீலா சுருட்டி வைத்த பனியன், என் உள்ளாடை, என் சின்ன வேதப் புத்தகம், எல்லாம் சேற்றில் விழுந்தன. ஓர் எண்ணெய்த் தாள் கிடைத்தது. அதைத் தூக்கி மற்ற இருவருக்கும் காட்டினாய். "நாலு பேரு சோத்த ஒருத்தனாத் தின்னுட்டு நிக்கியேலே, வெக்கமா இல்ல? தின்னிப் பய. களவாணிப் பய." இதுதான் உன் இரண்டு வார்த்தை.

பள்ளிக்கூடத்தில் ஆறு வருடம் உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். எத்தனையோ நாள் நான் டப்பா கொண்டுவராமல் இருந்திருக்கிறேன். ஒரு நாளாவது நீ நீட்டாமல் உன் டப்பாவில் கை வைத்திருக்கிறேனா?

ஏன் போனேன் என்று கேட்கிறாய். இன்னொரு வேளை உன் கையால் எதையும் வாங்கித் தின்ன முடியாது என்பதால் போனேன். ஈரப் பாறையில் கால் மடங்கி விழுந்தேன். கணுக்கால் எலும்பு இரண்டு இடத்தில் போய்விட்டது. ஆடு மேய்க்கிற இரண்டு பேர் பார்த்தார்கள். அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை, நான் பேசியது அவர்களுக்குப் புரியவில்லை. தடித்த மக்காச்சோள ரொட்டி ஒன்றைப் பிய்த்து வாயில் வைத்தார்கள். அப்புறம்தான் தூக்கினார்கள். பேர்கூடத் தெரியாத அவர்கள் என் பையைத் திறந்து பார்க்கவில்லை.

இப்போது காலில் தகடும் ஆறு திருகாணியும் இருக்கின்றன. வயரிங் வேலைக்காரன் நான். இனி ஏணியில் எப்போது ஏறுவேன் என்று டாக்டரே சொல்லவில்லை. அதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். போன வாரம் ஏஞ்சலின் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். "உங்கப்பா மிட்டாயக் களவாண்டு தின்னுட்டு மலையில இருந்து விழுந்தாராமே" என்று கூடப் படிக்கிற பிள்ளை கேட்டிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது? உன் காலை நடைக் குழுவில், நடந்து முடித்து டீ குடிக்கும்போது, நீ அவிழ்த்துவிட்ட கதைதானே அது?

ஜோஸ்வா


அருப்புக்கோட்டை
16.7.2024

ஜோஸ்வா,

அரிசி விஷயத்தில் நான் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். போதுமா? ஆனால் ஒன்றைச் சொல்லிவிட்டு இன்னொன்றை அழகாகத் தாண்டிப் போகிறாய். அந்த எண்ணெய்த் தாள் ஏது?

கிளம்புவதற்கு முன் நாம் போட்ட விதி உனக்கும் தெரியும். அவரவர் வீட்டில் எது கொடுத்துவிட்டாலும் நடுவில் கொட்ட வேண்டும். எல்லாம் ஒரே குவியல். ராஜபாண்டி அவன் அம்மா கொடுத்த முறுக்கைக் கொட்டினான். வெள்ளத்துரை அவன் பொண்டாட்டி கட்டிக்கொடுத்த பருப்புப்பொடியைக் கொட்டினான். நீ மட்டும் "எங்க வீட்டுல ஒண்ணும் குடுக்கல" என்றாய். பிறகு உன் பையிலிருந்து எள் ஒட்டிய தாள் வருகிறது. இரண்டு நாள் அரைப்பட்டினியில் நிற்பவன் என்ன நினைப்பான்? என் இடத்தில் நின்று பார்.

நடைக் குழுவில் நானாகக் கதை சொல்லவில்லை. நாலு பேர் போய் மூணு பேர் திரும்பினால் கேட்கத்தான் செய்வார்கள். கேட்டார்கள், நடந்ததைச் சொன்னேன். அது பிள்ளைகள்வரை போகும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஏஞ்சலினுக்காக வருத்தப்படுகிறேன், அவள் எனக்கும் பிள்ளைதான்.

ஆனால் தாளுக்குப் பதில் சொல்லாமல் என்னை மட்டும் கூண்டில் ஏற்றாதே.

மருதுபாண்டி


மல்லாங்கிணறு
25.7.2024

மருதுபாண்டி,

முதலில் உன் தாளுக்குப் பதில். ஷீலா நான்கு எள்ளுருண்டை செய்து கொடுத்தாள். நான் குவியலில் கொட்டவில்லை. எல்லாருக்கும் பின்னால் நடந்தபடி, ஒரு நாளைக்கு ஒன்றாகத் தின்றேன். வெள்ளத்துரை என் முன்னால் தள்ளாடிக்கொண்டு நடந்தபோதும் பாதி பிட்டுக் கொடுக்கவில்லை. ஒண்ணும் கொடுக்கவில்லை என்று பொய் சொன்னேன். அது என் தப்பு. நான் தின்றது என் வீட்டு உருண்டை. ஆனாலும் விதி விதிதான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, இருந்தும் எழுதிவிட்டேன்.

இனி உன் கதைக்கு வருவோம்.

நேற்று வெள்ளத்துரை வந்தான். பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு, பந்தல்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தான். நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. என் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டு நின்றான். "சொல்லக் கூடாதுன்னு மருது சத்தியம் வாங்கிட்டான்லே. நானும் ஒண்ணரை மாசம் வாயப் பொத்திட்டு இருந்தேன். இவதான் இன்னைக்கு, நீ போய்ச் சொல்லலைன்னா நான் போய்ச் சொல்லுவேன்னுட்டா" என்றான்.

அடிவாரத்தில் நாம் தங்கிய அறையில், உன் கட்டிலுக்கு அடியில் அந்தப் பை இருந்ததாமே. இறங்கி வந்த அன்றைக்கே பார்த்தாயாமே. பிரிக்காத பை. நீ போட்ட முடிச்சு அப்படியே இருந்ததாமே.

அதை ரயிலில் கொண்டு வந்தீர்களாமே. ஜான்சி தாண்டியதும் மூன்று பேரும் பிரித்துத் தின்றீர்களாமே.

அந்த நாளைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்கு ஆபரேஷன். உன் முகத்தில் விழிக்க மாட்டேன், மச்சினன் வருகிறான் என்று மூன்று பேரையும் ஊருக்குப் போகச் சொன்னவன் நான்தான். மொழி தெரியாத ஆஸ்பத்திரியில், மச்சினன் வந்து சேருகிறவரைக்கும், எந்தத் தாளில் கையெழுத்துப் போடுகிறேன் என்றே தெரியாமல் போட்டேன். நீ அங்கே கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஊருக்கு வந்து இறங்கி, பை எங்கே இருந்தது என்று நன்றாகத் தெரிந்த பிறகு, நடைக் குழுவில் போய் என்னைக் களவாணி என்று சொல்லியிருக்கிறாய். எட்டாம் தேதி எனக்கு எழுதினாயே, "அந்தப் பேச்சை இப்போது எடுக்க விரும்பவில்லை" என்று, அதையும் தெரிந்துகொண்டேதான் எழுதியிருக்கிறாய்.

மலையில் நீ சொன்னது பசியில் சொன்னது. அதை ஒருநாள் விட்டிருப்பேன். அருப்புக்கோட்டையில் சொன்னதை வயிறு நிறைந்தபிறகு சொல்லியிருக்கிறாய்.

எங்கே சொன்னாயோ அங்கேயே போய், அத்தனை பேர் இருக்கும்போது, உண்மையைச் சொல். அதற்கு முன்னால் எனக்கு ஒரு வரியும் எழுதாதே.

ஜோஸ்வா


அருப்புக்கோட்டை
30.7.2024

ஜோஸ்வா,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளத்துரை சொன்னது எல்லாம் உண்மை. கிளம்புகிற காலையில் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி எடை பார்த்தேன். உன்னுடையது கனத்தது. அந்தப் பையை வெளியே எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன், என் பையில் போடுவதற்காக. அந்த நேரம் மில்லிலிருந்து போன். நூல் லோடு ஒன்று தரம் சரியில்லை என்று திரும்பி வந்துவிட்டது, என்ன செய்ய என்று கேட்டார்கள். பேசிக்கொண்டே வெளியே போனேன். ஜீப் வந்து ஹாரன் அடித்தது. தாளில் மட்டும் உன் பெயரை அடிக்கவில்லை. மலையில் நீ "நீதானலே எடுத்த" என்று சொன்னபோது, என் மனதில் அந்தக் கட்டில் ஒரு நொடி வந்து போயிற்று. அதை விரட்டினேன். சாப்பாட்டுப் பொறுப்பாளன் சாப்பாட்டை மறந்து வைத்துவிட்டு வந்தான் என்பதைவிட, யாரோ தின்றுவிட்டான் என்பது அந்த நேரத்தில் எனக்கு லேசாக இருந்தது.

இறங்கி அறைக்கு வந்ததும் கட்டிலடியில் அந்தப் பையைப் பார்த்தேன். ஆனால் அதற்குள் உன்னை அந்தப் பேச்செல்லாம் பேசியாயிற்று, நீ காலை உடைத்தும் ஆயிற்று. இனி ஒத்துக்கொண்டால் உன் காலை உடைத்தவன் நான் என்றாகிவிடும். அதனால்தான் சத்தியம் வாங்கினேன்.

உன் வீட்டுக்கு வருகிறேன். ஷீலா முன்னால், ஏஞ்சலின் முன்னால், என்ன சொல்லச் சொல்கிறாயோ அதைச் சொல்கிறேன். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன். ஆனால் நடைக் குழு வேண்டாம். அதில் பாதிப் பேர் மில் ஆட்கள். எனக்குக் கீழே நாற்பது பேர் வேலை பார்க்கிறார்கள். ஒரு பையைக் கவனிக்கத் தெரியாதவன், பழியை இன்னொருவன் மேல் போட்டவன் என்று தெரிந்தால் நாளைக்கு எந்த முகத்தோடு அவர்களை அதட்டுவேன்? அதை மட்டும் கேட்காதே.

மருது


மல்லாங்கிணறு
2.8.2024

மருதுபாண்டி,

என் பையை எல்லார் முன்னாலும் கொட்டினாய். உன் வாயை மட்டும் என் வீட்டுக்குள் கதவைச் சாத்திவிட்டுத் திறப்பாயா?

உனக்குக் கீழே நாற்பது பேர். எனக்கு இருப்பது ஒரு மகள். அவள் இந்த வாரம் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே கொண்டு வருகிறாள்.

வராதே. வந்தால் இந்தத் தடவை நான் தூங்குகிறேன் என்று ஷீலா சொல்ல மாட்டாள். நானே எழுந்து வருவேன்.

ஜோஸ்வா


அருப்புக்கோட்டை
19.8.2024

ஜோஸ்வா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டேன். இரண்டு வாரம் ஏன் ஆயிற்று என்றால், இரண்டு ஞாயிறும் போய், டீயைக் குடித்துவிட்டு, சொல்லாமல் திரும்பி வந்தேன்.

நேற்று பதினெட்டு பேர் இருந்தார்கள். நடந்து முடித்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். நான் உட்காரவில்லை. "எல்லாரும் ஒரு நிமிசம் கேளுங்க. ஜோஸ்வா எந்தப் பையையும் எடுக்கல. அத மறந்து கட்டிலடியில வச்சிட்டுப் போனது நான். திரும்பி வந்து பாத்தும் மறைச்சவன் நான். உங்ககிட்ட அவனக் களவாணின்னு சொன்னது பொய்" என்றேன்.

மளிகைக் கடை சோலைச்சாமி அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். "ஏப்பா, ஒரு மிட்டாய்ப் பைக்கா இம்புட்டு? விட்டுத் தள்ளுவியா" என்றார். நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குத் தப்பித்துவிடலாம் என்று தோன்றியது. நானும் அவர்களோடு சிரித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று தெரியவில்லை.

"மிட்டாய்ப் பை இல்ல அண்ணாச்சி. அந்த ஆளுக்குக் காலு போச்சு. ஏணியில ஏறிப் பிழைக்கிறவன். அவன் பிள்ள பள்ளிக்கூடத்துல சோறு திங்காம வருது. நான் சொன்ன பொய்யி உங்க வீட்டு வழியாத்தான் அங்க போயிருக்கு" என்றேன்.

சிரிப்பு நின்றது. அண்ணாச்சி தம்ளரைக் கீழே வைத்தார். "அப்ப அந்தப் பைய என்னய்யா செஞ்ச?" என்றார்.

"ரயில்ல தின்னோம்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான். பசியில்ல அப்ப. ஆனா நல்லா இருந்துச்சு, தின்னோம்."

அதைச் சொன்னபோதுதான் ஜோஸ்வா, எனக்கே அசிங்கமாக இருந்தது. ராஜபாண்டி எழுந்து, "நானும் தின்னேன்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். என் செக்ஷனில் வேலை பார்க்கும் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்று மில்லில் ஒருவன் என் மேஜையில் சாவியை வைத்துவிட்டு, "எண்ணிப் பாத்துக்கங்க சார், அப்புறம் எங்க மேல சொல்லிராதீங்க" என்றான். எண்ணாமலே எடுத்து வைத்தேன்.

ஏஞ்சலினைக் கேலி செய்த பிள்ளை யார் என்று விசாரித்தேன். அண்ணாச்சியின் பேத்தி தங்கச்செல்வி. அவர் வீட்டுக்கும் போய் அந்தப் பிள்ளையிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வியாழக்கிழமை விருதுநகர் போகிறாய் என்று வெள்ளத்துரை சொன்னான். காரை எடுத்துக்கொண்டு வருகிறேன். நீ பேச வேண்டாம், பின் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தால் போதும். வரட்டுமா?

மருது


மல்லாங்கிணறு
24.8.2024

மருது,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. வியாழக்கிழமை பஸ்ஸில்தான் போனேன். கண்டக்டர் கை கொடுத்து ஏற்றிவிட்டார். கட்டைப் பிரித்துவிட்டார்கள். கால் என் கால் மாதிரியே இல்லை, சூம்பிப்போயிருக்கிறது. ஊன்றி நடக்க இன்னும் இரண்டு மாதம், ஏணிக்கு அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார் டாக்டர்.

நீ சொன்னதை மூன்று பேர் வந்து என்னிடம் சொன்னார்கள். மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஆனால் நான் எடுக்கவில்லை என்பதை மூவரும் சொன்னார்கள். தங்கச்செல்வி பள்ளிக்கூடத்தில் ஏஞ்சலினிடம் வந்து, "நான் சொன்னது பொய்யாம்" என்று சொல்லிவிட்டு, இவளுடைய டப்பாவிலிருந்தே ஒரு முட்டையை எடுத்துத் தின்றாளாம். ஏஞ்சலின் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு டப்பா காலியாக வந்தது.

வெள்ளத்துரையிடம் எள்ளுருண்டையைப் பற்றிச் சொன்னேன். "தெரியும்லே, வாசம் வந்துச்சு. கேட்டா நீ சங்கடப்படுவன்னு கேக்கல" என்றான்.  உன் விஷயத்தையும் அவன் இப்படித்தான் மூடி வைத்திருந்தான். நல்லவனா, பயந்தவனா என்று இன்னும் புரியவில்லை.

பாஸ்டர் வந்து, மன்னித்துவிடு என்று ஜெபம் செய்தார். வாய் ஆமென் என்றது. மனசு சொல்லவில்லை. படியில் உட்கார்ந்தே இறங்கும்போது ஒவ்வொரு படியிலும் உன் மேல் ஆத்திரம் வருகிறது. பதினெட்டு பேர் முன்னால் நீ நின்றது பெரிய காரியம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆத்திரம் அதைக் கேட்டு அடங்குவதாக இல்லை.

காரில் வராதே. கடிதமும் இனி வேண்டாம். பாதியில் மன்னிப்பதும் பாதியில் திட்டுவதுமாக எழுதிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. உன்னை மன்னிக்கிற நாள் ஒன்று வந்தால் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். பஸ்ஸேறி அருப்புக்கோட்டைக்கு வந்து உன் வீட்டு வாசலில் நிற்பேன். நான் வராவிட்டால், அந்த நாள் இன்னும் வரவில்லை என்று தெரிந்துகொள்.

ஜோஸ்வா